"பரீட்சை பயம்" என்று நாமே எழுதிய சீட்டு

எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு அலாரம். அரையாண்டுத் தேர்வு நேரம். பதினொரு வயது மகள் எழுந்து உட்கார்ந்து, "அம்மா, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றாள். "கணக்குப் பரீட்சைன்னா அப்படித்தான், பாலைக் குடி" என்றேன். பரீட்சை முடிந்தது, கோடை லீவும் வந்தது, படபடப்பு போகவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "உடம்பு வளையல" என்று திட்டினேன்.

பரீட்சையே இல்லாத மே மாதத்தில் எந்தப் பயம் அடிக்கும்? எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை?

அந்த வயதில் சும்மா இருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 70 முதல் 110 வரை துடிப்பது இயல்பு. ஓடினாலோ பயந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ ஏறும், பிறகு இறங்கிவிடும். இதயத்தை இயக்கும் மின்சாரம் தவறான இடத்தில் கிளம்பினாலோ, வேண்டாத பாதையில் சுற்றினாலோ இறங்காமல் போகலாம். 150, 180 என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அடித்தால் தசை களைத்துப்போய், இதய அறை விரிந்து, ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைகிறது. இதை டாக்கிகார்டியா கார்டியோமயோபதி என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வாயில் நுழையவில்லை. பரீட்சை இந்த நோயைக் கொண்டுவருவதில்லை. நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆவடியிலோ பூந்தமல்லியிலோ சாயங்காலம் தெருவில் நின்று பாருங்கள். வேனிலிருந்து இறங்கிய பிள்ளை யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் டியூஷனுக்கு ஓடும். சோர்ந்து உட்கார்ந்தால் "செல்போன் பார்த்த களைப்பு" என்போம். நல்லதுக்குத்தான் சொல்கிறோம், சந்தேகமில்லை. ஆனால் ராங்க் கார்டை வரிவரியாகப் படிக்கிற நாம், பிள்ளையின் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிஷம் எண்ணியிருக்கிறோமா?

ஈசிஜியும் எக்கோவும் எடுத்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. துடிப்பை அடக்கினால் களைத்த தசை பெரும்பாலும் தேறிவிடும் என்பது இந்த நோயில் பெரிய ஆறுதல். சிலருக்கு மருந்து போதும். சிலருக்குத் தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு, தவறாகத் துடிக்கும் புள்ளியைச் சுட்டுவிடுகிறார்கள். என் மகளுக்கு மாத்திரையிலேயே குறைந்தது. எக்கோ மெல்ல மெல்லத் தேறியது.

இன்று ராத்திரி பிள்ளை நன்றாகத் தூங்கியதும் மார்பில் கை வைத்து, கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். தூக்கத்திலும் வேகம் இறங்கவில்லை, காய்ச்சலும் இல்லை என்றால் அது பயமில்லை; மறுநாளே டாக்டரிடம் போங்கள். பிள்ளை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். நமக்கு முகப்பேரிலேயே இதய மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரலில் ரயில் இறங்கினால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை கொஞ்ச தூரம்தான். டியூஷனுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிடலாம்.