பல்லைத் துலக்குங்கள், தேய்த்துவிடாதீர்கள்!

செங்கல் பொடி, கரித்தூள் கொண்டு பல் தேய்ப்பவர்கள் இன்றும் உண்டு. பல் பளபளக்கும். ஆனால், மேல்பூச்சான எனாமலும் தேய்ந்து போகும். நகம் போல அது மறுபடி வளராது!

நுரையையும் வாசனையையும் பார்த்துப் பற்பசை வாங்கினால் போதுமா? போதாது. அட்டையைப் படியுங்கள். 'புளோரைடு' என்று போட்டிருக்கிறதா? சொத்தையைத் தடுப்பது அதுதான். 1000 பி.பி.எம். அளவு இருந்தால் நல்லது. விலை குறைந்த பசையிலும் அது உண்டு.

தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீரிலேயே புளோரைடு அதிகம். அத்தகைய ஊர்க்காரர்கள் பல் டாக்டரைக் கேட்டு வாங்குவது நல்லது.

பிரஷ் மென்மையாக இருக்கட்டும். பெரியவர்களுக்குப் பட்டாணி அளவு பசை போதும். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரிசி அளவு. இரவு படுக்கும் முன்பும் துலக்குங்கள்.

காசு கொடுத்து வாங்கும் பல் செட், சொந்தப் பல்லுக்கு ஈடாகுமா?