ஏரிக்கரையில் மறைப்பு கட்டலாம், வேட்டைக்கு அல்ல!

வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியதும் வாத்துகள் வந்து இறங்குகின்றன. அவற்றைத் தேடி வேட்டைக்காரர்களும் வருவதுண்டு. நான்கு கம்பு நட்டு, பனையோலைத் தட்டியும் சம்பும் சாய்த்தால் பறவையின் கண்ணில் படாமல் உட்கார மறைப்பு தயார். உங்கள் வயலோரத்தில் அதைக் கட்டிக்கொள்ள ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

தாழைக்கோழியும் நாமக்கோழியும் நாற்றைப் பாழாக்கிய கோபத்தில் சிலர் தலையாட்டிவிடலாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இடம் கொடுத்தால் நஷ்டம் நமக்குத்தான். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுடுவது மட்டுமல்ல. வலை, கண்ணி, விஷம் வைப்பதும் கூட்டையும் முட்டையையும் சிதைப்பதும் வேட்டைதான். அதற்குத் துணை போவதும் குற்றம்.

சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இதை உணர்ந்தவர்கள் வேடந்தாங்கல் விவசாயிகள். ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லியோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்றுக் கவுல் எழுதிக் கொடுத்தார். அதில் இரக்கத்தோடு கணக்கும் இருந்தது. மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் கலந்த அந்த நீர்தான் நெல்லுக்குப் பாய்கிறது.

இன்று மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளிலிருந்து பலர் கேமராவுடன் பள்ளிக்கரணைக்குப் போகிறார்கள். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் நெருக்குகின்றன. நகரில் இடம் சுருங்கச் சுருங்க, பறவைகளுக்கு நம் ஏரிகளும் வயல்களுமே புகலிடம்.

மறைப்பு கட்டுவதென்றால், படம் எடுக்க வருபவர்களுக்காகக் கட்டுங்கள். கேரளத்தின் தட்டேக்காட்டில் தோட்டங்களில் மறைப்பு அமைத்து, உட்காருவோரிடம் கட்டணம் வாங்குகிறார்கள். நம் பட்டா நிலத்திலும் முயலலாம். பறவைகள் வரும் முன்பே கட்டிவிட வேண்டும், அப்போதுதான் பழகிக்கொள்ளும். காலை வெயில் முதுகுப்பக்கம் விழுமாறு அமையுங்கள். விடியும் முன் உள்ளே போய்விட வேண்டும், பேச்சு கூடாது. கூடுகளுக்கு அருகில் வேண்டவே வேண்டாம். பொது ஏரி, சரணாலயப் பகுதி என்றால் உரிய துறையின் அனுமதி அவசியம்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பறவையைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நாற்றங்காலில் பளபளக்கும் நாடா கட்டவும், முளைக்கும் நாட்களில் காவல் இருக்கவும் வழிகாட்டுங்கள். சேதத்துக்கு வழி சொல்லாமல் விவசாயியிடம் பொறுமையை மட்டும் கேட்பது சரியல்ல.

வேடந்தாங்கல்காரர்கள் அன்று கலெக்டர் வரை போனார்கள். நாம் வயலோரத்தில் நின்று 'முடியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.