சுமை வேறு, பயிற்சி வேறு

சிலாங்கூர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், வடகரையில் அமைந்த மீனவர் சிற்றூர் பாசிர் பெனம்பாங். எதிர்க்கரையில் கோலசிலாங்கூர்ப் பட்டணம். ஆளேற்றி அக்கரை சேர்க்கும் படகைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்வூருக்கு இன்று பாலம் உண்டு. அங்கிருந்து உள்நாட்டை நோக்கிச் சென்றால் புக்கிட் ரோத்தான், ராஜா மூசா, பெஸ்தாரி ஜெயா எனத் தோட்டப்புறம் விரிகிறது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தோன்றியது இவ்வட்டாரத்தில்தான். பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே உருவாக்கிய அத்தோட்டத்தின் பெயர் தென்னமாரம். செம்பனைக்கு முன்னோடியான தோட்டம் தமிழரின் தென்னைமரத்துப் பெயரைத் தாங்கி நின்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஆற்றங்கரையில் மீன்கூடை, ரப்பர்க் காட்டில் பால்வாளி, செம்பனை நிரையில் குலை. இவ்வட்டாரத்தின் வாழ்வே சுமையின்மீது எழுந்த வாழ்வு. தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் ஆண்டுகளை எழுதுவர். ஏக்கர்க் கணக்கை எழுதுவர். முதலாளிகளின் பெயரை எழுதுவர். அச்சுமையைத் தாங்கிய முதுகெலும்புகளைப் பற்றி எழுதுவோர் அரியர்.

அந்த முதுகெலும்புகளின் வழிவந்த பேரப்பிள்ளைகள் இன்று மாலை வேளைகளில் காசு கொடுத்து இரும்பு தூக்குகின்றனர். இதைக் காணும் பெரியோரிடையே ஒரு வாதம் அடிக்கடி எழுகிறது. "கம்பியில் இரும்புத் தட்டுகளைக் கோத்துத் தூக்குவது மனித உடலின் இயல்புக்கு மாறானது. பால்வாளி சுமந்தவனுக்கும் குலை வெட்டியவனுக்கும் எந்தப் பயிற்சிக்கூடம் இருந்தது? உழைப்பே உண்மையான உடற்பயிற்சி" என்பது அவ்வாதம். இளைஞரோ இதற்கு மறுதலையாகப் பேசுகின்றனர். "மார்பு விரிந்து, புயம் திரண்டால் போதும், எப்படித் தூக்கினால் என்ன?" என்பது அவர்தம் கட்சி. இரண்டும் பிழையான கட்சிகள். முன்னது உழைப்பைப் பயிற்சியென மயங்குகிறது. பின்னது தோற்றத்தை வலிமையென மயங்குகிறது. இரண்டு மயக்கமும் இளைய தலைமுறையின் முதுகைத்தான் விலையாகக் கேட்கின்றன. ஆகவே இவற்றை ஆராயாமல் விடுதல் தகாது.

முதலில், இயல்பான அசைவு என்பது யாது? மனிதன் குந்துகிறான், எழுகிறான், குனிந்து எடுக்கிறான், எடுத்ததைச் சுமந்து நடக்கிறான், தள்ளுகிறான், இழுக்கிறான், உடலைத் திருப்பி வீசுகிறான். இவற்றுள் எதையும் ஒரு தசை தனித்து நின்று செய்வதில்லை. தரையை மிதிக்கும் பாதத்தில் பிறக்கும் விசை, தொடையேறி, இடுப்பைக் கடந்து, முதுகின் வழியே கைக்கு வந்து சேர்கிறது. ஒரு கூட்டுக்குடும்பத்தைப் போல உடலின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தே வேலை செய்கின்றன. இந்தக் கூட்டுறவைக் காக்கும் பயிற்சி இயல்பான பயிற்சி. குலைக்கும் பயிற்சி இயல்பல்லாப் பயிற்சி. தூக்கப்படும் பொருள் இரும்பா, கல்லா, மரமா என்பது இங்குக் கேள்வியே அன்று.

இந்த அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு பயிற்சிக்கூடத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். பளுவைத் தோளில் தாங்கிக் குந்தி எழும் ஸ்குவாட் பயிற்சியைக் குறை கூற இடமில்லை. தவழ்ந்து எழுந்த குழந்தை யாரும் கற்பிக்காமலே குந்துகிறது. அடுப்படியிலும் முற்றத்திலும் முன்னோர் குந்தியே வாழ்ந்தனர். நாற்காலி வந்து அப்பழக்கத்தைப் பறித்தது. பறிபோனதை அப்பயிற்சி மீட்டுத் தருகிறது. தரையிலிருந்து பளுவை எடுத்து நிமிரும் டெட்லிப்ட் பயிற்சியும் அத்தகையதே. அரிசி மூட்டையை எடுப்பவனும் எரிவாயுக் கலனை நகர்த்துபவளும் செய்வது அதைத்தான். அப்பயிற்சி கற்பிக்கும் பாடம் இரண்டே: பளுவை உடலுக்கு அருகில் வை, முதுகை வளைக்காமல் இடுப்பில் மடங்கு. உடலைவிட்டு ஒரு முழம் விலகிய பளு, அதே எடையாயினும், இடுப்பெலும்பின்மேல் பன்மடங்கு விசையைச் செலுத்துகிறது. இந்நெம்புகோல் பாடத்தை அறிவியல் வகுப்பில் படித்த மாணவன், தன் புத்தகப்பையைத் தூக்கும்போது அதை மறந்துவிடுகிறான்.

இனிப் புகழ்பெற்ற பெஞ்ச் பிரஸ் பயிற்சியைக் காண்போர் வியப்படையலாம். பலகையில் மல்லாந்து படுத்து, பளுவை வானோக்கித் தள்ளுவது அது. வாழ்வில் எவரும் படுத்துக்கொண்டு எதையும் தள்ளுவதில்லை. பலகை முதுகைத் தாங்குவதால் காலுக்கும் இடுப்புக்கும் வேலை குறைகிறது. தோட்பட்டை எலும்பு பலகைக்கும் பளுவுக்கும் இடையே சிறைப்படுகிறது. தண்டால் எடுப்பவனுக்கோ அவ்வெலும்பு தடையின்றி நகர்கிறது. வயிறும் தொடையும் உடலை ஒரே கோட்டில் தாங்குகின்றன. எனினும் பயிற்சிக்கூட இளைஞர் தம் வலிமையைப் பெஞ்ச் பிரஸ் கணக்கில்தான் கூறிப் பெருமை கொள்கின்றனர். காரணம் வெளிப்படை. அது வளர்ப்பது கண்ணாடியில் தெரியும் மார்பை. முதுகைக் கண்ணாடி காட்டுவதில்லை. ஆகவே முதுகுக்குக் கவனிப்பும் இல்லை.

எந்திரங்களின் கதை இன்னும் ஒரு படி மேல். 1970-ஆம் ஆண்டு முதல் ஆர்தர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த நாட்டிலஸ் எந்திரங்கள் உலகெங்கும் பயிற்சிக்கூடங்களின் முகத்தை மாற்றின. இருக்கையில் அமர்ந்து, எந்திரம் வகுத்த பாதையில் ஒரு மூட்டை மட்டும் மடக்கி நீட்டினால் போதும். விபத்தில் அடிபட்டவர்க்கும் முதியவர்க்கும் இது பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் நலமுள்ள இளைஞனுக்கு இது மட்டுமே பயிற்சியானால், சமநிலை காக்கும் கடமையை எந்திரம் எடுத்துக்கொள்கிறது. உடல் அதை மறக்கிறது. நடப்பது என்பதே ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலில் நிற்பதன்றோ? அமர்ந்தே வலிமை தேடியவன் வழுக்கும் வரப்பில் நடக்கும்போது எந்த எந்திரம் அவனைத் தாங்கும்?

போட்டிப் பளுதூக்கலும் இந்த ஆய்வுக்கு விலக்கன்று. 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இவ்விளையாட்டு இடம்பெற்றது. நெடுங்காலம் இருந்துவந்த 'பிரஸ்' என்னும் தூக்குமுறை 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கிற்குப்பின் கைவிடப்பட்டது. நிமிர்ந்து நின்று தலைக்குமேல் தள்ள வேண்டிய பளுவை, வீரர்கள் முதுகைப் பின்னே வளைத்துத் தள்ளத் தொடங்கினர். எது முறை, எது மீறல் என நடுவர்களால் தீர்ப்புக் கூற இயலாமற் போயிற்று. எடைக்காக அசைவு கெட்டது. அசைவு கெட்டதால் அத்தூக்குமுறையே அழிந்தது. எஞ்சியுள்ள இரு முறைகளோ காலும் இடுப்பும் தோளும் ஒருங்கே இயங்காமல் கைகூடாதவை. வேலூர்த் தமிழரான சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டுகோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வென்றது அம்முறைகளில்தான். அவ்வெற்றியைப் புயத்தின் வெற்றி என்பவர் அவ்விளையாட்டை அறியாதவர். அது இடுப்பின் வெற்றி.

"இவையெல்லாம் மேலைநாட்டுச் சரக்கு, தமிழன் அறிந்தது கர்லாக்கட்டையும் சிலம்பமுமே" என்று மார்தட்டுவோரும் உளர். அவர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இந்தியாவில் சுழற்றப்பட்ட அதே கட்டை, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் படையினரால் கடல்கடந்து சென்று, 1904-ஆம் ஆண்டிலும் 1932-ஆம் ஆண்டிலும் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. அங்கிருந்து இங்கு வந்தவரும் உண்டு. பளுப்பயிற்சியின் தந்தை எனப் புகழப்பட்ட யூஜின் சாண்டோ இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். கருவிகளுக்குத் தாய்நாடு இல்லை. தென்தமிழக ஊர்களில் இளைஞர் தூக்கிய இளவட்டக்கல்லை எண்ணிப் பார்க்கலாம். உருண்டு திரண்ட அக்கல்லுக்குப் பிடியில்லை. குந்தி அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மார்போடு சேர்த்து, தோளுக்குக் கொண்டுவந்து பின்னே வீச வேண்டும். உடல் முழுதும் ஒத்துழைக்காவிடில் கல் அசையாது. டெட்லிப்ட் பயிற்சியின் உறவினன் இளவட்டக்கல். ஒன்றைப் போற்றி மற்றதைத் தூற்றுவது அறிவுடைமையன்று.

இனி, உழைப்பே உடற்பயிற்சி என்னும் வாதத்துக்கு வருவோம். கேட்பதற்கு இனிய வாதம் இது. உழைத்தவரைப் போற்றுவதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் அவர்தம் துன்பத்தை மூடி மறைக்கிறது. பால் வெட்டியவர் விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நாளொன்றுக்குச் சுமார் 500 மரங்களைத் தொட்டார். ஒவ்வொரு மரத்திலும் அதே குனிவு; அதே கை; அதே பக்கம். பின்னர்க் காண்டாக் கம்பின் இருமுனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர்வரை சுமந்தார். தோளில் காய்த்துப்போன தழும்பு அவர் பெற்ற பதக்கம். இவ்வுழைப்பில் பெண்களும் சரிபாதி நின்றனர். வீடு திரும்பியதும் குடத்தையும் குழந்தையையும் சுமந்தனர்.

செம்பனையில் நிலை இன்னும் கடுமை. பத்து மீட்டருக்கும் உயர்ந்த மரத்தில், நீண்ட கம்பின் முனையில் கட்டிய அரிவாளால் குலையை அறுக்க, கழுத்தைப் பின்னே மடக்கி, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தியே நிற்க வேண்டும். விழுந்த குலை 10 முதல் 25 கிலோவரை நிறையுள்ளது. அதற்கு மிகுவதும் உண்டு. அதைக் கூரிய கம்பியால் குத்தித் தூக்கி, கைவண்டியிலும் லாரியிலும் ஏற்ற வேண்டும். இன்று அவ்வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரே நிற்கின்றனர். நேற்றைய தமிழன் முதுகில் இருந்த சுமை இன்று வேறொருவன் முதுகுக்கு மாறியுள்ளதேயன்றி, குறைந்துவிடவில்லை.

குனிதல் இயல்பான அசைவுதான்; சுமத்தலும் இயல்பான அசைவுதான். இருந்தும் தோட்டத்து முதியோர் பலர் நிமிர முடியாமல் நடப்பது ஏன்? விடை எளிது. அசைவு இயல்பானது, அளவு இயல்பானதன்று. பயிற்சி செய்பவன் பளுவைத் தானே தேர்கிறான், வலித்தால் நிறுத்துகிறான், இன்று தூக்கினால் நாளை ஓய்கிறான், வலப்பக்கம் செய்ததை இடப்பக்கமும் செய்கிறான். உழைப்பவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. பளுவைத் தோட்டம் தேர்ந்தது; நேரத்தைச் சங்கொலி தேர்ந்தது; ஓய்வைக் கங்காணி தேர்ந்தார். பளுவைத் தாங்கும் எலும்பு உறுதிபெறும் என்பதை 1892-இலேயே ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் விளக்கினார். ஆயின் அவ்வுறுதி ஓய்வில்தான் கட்டப்படுகிறது. ஓய்வற்ற சுமை கட்டுவதில்லை, தேய்க்கிறது. வண்டியின் அச்சைக் காட்டி வள்ளுவர் உணர்த்திய பாடமும் அளவைப் பற்றியதே.

உலகம் இதனை உணராமல் இல்லை. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, வளர்ந்த ஆடவர் ஒருவர் கையால் சுமக்கும் உச்ச எடை 55 கிலோவுக்கு மேற்பட்டிருந்தால் அதனை விரைந்து குறைக்க வேண்டும் என்றது. 1991-இல் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்த கணக்கு இன்னும் நுட்பமானது. எல்லாச் சூழலும் ஏற்றதாக அமைந்தாலும் 23 கிலோவுக்கு மேல் பரிந்துரைக்காத கணக்கு அது. பளு உடலைவிட்டு விலகினாலும், இடுப்பைத் திருப்ப நேர்ந்தாலும், மீண்டும் மீண்டும் தூக்க நேர்ந்தாலும் அவ்வளவு குறைந்துகொண்டே வரும். செம்பனை நிரையை இக்கணக்கில் வைத்துப் பார்க்கட்டும், உழைப்பே பயிற்சி என்போர்!

ஆசிரியப் பெருமக்கள் இங்குத் தம் கடமையை எண்ணிப் பார்க்க வேண்டும். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது உடற்கல்விப் பாடவேளைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டி, பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலியக்கமும், வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சியும் தேவை என்கிறது. "பளு தூக்கினால் பிள்ளை வளராது" என்னும் அச்சம் ஆதாரமற்றது. அறிந்தவர் மேற்பார்வையில், தாங்கத்தக்க அளவில் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. இதற்கு விலையுயர்ந்த கூடமும் வேண்டியதில்லை. மணல் நிரப்பிய பை ஒன்று, தண்ணீர் நிரப்பிய வாளி இரண்டு, தண்டால் எடுக்கச் சிறிது தரை, ஏறித் தொங்கக் கம்பி ஒன்று, போதும். குந்தவும், எடுக்கவும், சுமந்து நடக்கவும், தள்ளவும், இழுக்கவும் ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒருங்கே கற்பிக்கலாம். எழுத்தைத் திருத்தமாக எழுதக் கற்பிக்கும் பள்ளி, முதுகைத் திருத்தமாக வைத்திருக்கக் கற்பித்தால் தமிழ் குறைந்துவிடாது.

மாணவர் மனங்கொள்ள வேண்டியது ஒன்றே. இரும்பு பகையன்று, இரும்பைத் தூக்குவதே பெருமையுமன்று. பாட்டியின் தோளில் காய்த்த தழும்பைப் பயிற்சியின் அடையாளம் என்று எவரேனும் கூறினால் மறுத்துப் பேசுக. அது அவர் விரும்பி ஏற்ற பளுவன்று. விரும்பியதை, வேண்டிய அளவில், ஓய்வோடு தூக்கும் உரிமை அவருக்குக் கிட்டவில்லை. பேரனுக்கும் பேத்திக்கும் கிட்டியிருக்கிறது. கிட்டிய உரிமையைக் கண்ணாடிக்கு முன்னே வீணாக்காமல், எழுபது வயதிலும் தரையில் குந்தி எழும் உடலாக அதை மாற்றிக்கொள்வதே, சுமந்தவர்க்குச் செலுத்தும் நன்றிக்கடன்.