அடைக்கப்பட்ட அழைப்பும் திறந்துகிடக்கும் கைப்பேசியும்

துபாயின் சோனாப்பூரிலோ அபுதாபியின் முசாஃபாவிலோ தொழிலாளர் குடியிருப்பில் வாழும் தமிழர் ஒருவர் வாட்ஸ்அப்பில் மனைவிக்குச் செய்தி எழுதினால் அது போய்ச் சேரும். குழந்தையின் நிழற்படமும் வந்து சேரும். ஆனால் அழைத்துப் பேச முயன்றால் மட்டும் இணைப்புக் கிடைக்காது என்பது ஐக்கிய அரபு அமீரகத்தில் பல்லாண்டுகளாகத் தமிழர்கள் கண்ட அனுபவமாகும். உரிமம் பெறாத இணையத் தொலைபேசிச் சேவைகளுக்கு அங்கே தடை. ஸ்கைப் அழைப்புகளும் 2018 தொடக்கத்திற்குள் நின்றுபோயின. அதே வேளையில் மாதம் 50 திர்ஹம் கட்டினால் 'போட்டிம்' போன்ற, அனுமதி பெற்ற செயலிகள் வழியே பேசலாம் என்ற திட்டம் அறிமுகமாயிற்று. அதே குரல், அதே இணையம். மாறியது கட்டணம் மட்டுமே. அண்டை நாடான சவூதி அரேபியா 2017 செப்டம்பரிலேயே இத்தகைய அழைப்புகள் மீதான தடையைத் தளர்த்தியது. அதனால் அங்கே வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

வளைகுடாவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் இணைய வடிகட்டலை மனதார வரவேற்கின்றனர். ஆபாசத் தளங்கள் திறவாமல் இருப்பது அவர்களுக்கு நிம்மதி. இந்த நிம்மதியைக் குறை கூற இயலாது. எனினும் ஆபாசத்தை மறைக்கும் அதே வடிகட்டி அரசியல் விமர்சனத்தையும் மறைக்கிறது. பட்டியலை வகுப்பவர் பெற்றோர் அல்லர். 2007 சூன் மாதம் இலங்கையில் தமிழ்நெட் தளம் முடக்கப்பட்டபோது கொதித்தெழுந்த நம்மவர்கள், அபுதாபியில் அதே பூட்டைக் கண்டு 'நல்லதுதானே' என்று கடந்து செல்வது விந்தையே.

தடையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது கண்காணிப்பு. தடை கண்ணுக்குத் தெரியும், கண்காணிப்புத் தெரியாது. 2009 சூலையில் எதிசலாத் நிறுவனம் தன் பிளாக்பெர்ரி வாடிக்கையாளர்களுக்கு, ஏறத்தாழ 1,45,000 பேருக்கு, சேவையை மேம்படுத்தும் என்று கூறி ஒரு மென்பொருளை அனுப்பியது. நிறுவியவர்களின் மின்கலம் மளமளவென வற்றியது. தாங்கள் அதற்கு அனுமதி அளிக்கவில்லை என்றும், அது கண்காணிப்பு மென்பொருள் என்றும் பிளாக்பெர்ரியைத் தயாரித்த கனடிய நிறுவனமே அறிவித்தது. மின்கலம் வற்றாமல் இருந்திருந்தால் எவரும் அறிந்திருக்கப்போவதில்லை. மறு ஆண்டு, தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டு வெளிநாட்டு வழங்கிகளுக்குச் செல்வதைக் காரணம் காட்டி, 2010 அக்டோபர் 11 முதல் பிளாக்பெர்ரி சேவைகளை நிறுத்தப்போவதாக அமீரகம் எச்சரித்தது. நாள் நெருங்கியதும் உடன்பாடு ஏற்பட்டதாகக் கூறிக் கைவிட்டது. இந்தியாவும் அக்காலத்தில் இதே நிறுவனத்திடம் இதே கோரிக்கையை வைத்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதன் தொழில்நுட்ப உட்பொருள் எளிது. மறையாக்கம் என்பது கடிதத்தைப் பூட்டிய பெட்டியில் அனுப்புவது போன்றது. வழியில் பிரிக்க இயலாது. ஆனால் எழுதும் இடத்திலும் வாசிக்கும் இடத்திலும் கடிதம் திறந்துதான் இருக்கும். ஆகவே வழியை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே, அதாவது கைப்பேசிக்குள்ளேயே, நுழையும் முயற்சிகள் பெருகின. 2016 ஆகஸ்டில் அமீரக மனித உரிமையாளரும் பொறியியல் பட்டதாரியுமான அகமது மன்சூருக்கு, சிறைச் சித்திரவதை பற்றிய இரகசியம் தருவதாக ஆசை காட்டும் ஓர் இணைப்பு குறுஞ்செய்தியாக வந்தது. அவர் அதைச் சொடுக்காமல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார். பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள் அம்பலமாயிற்று. ஆப்பிள் நிறுவனம் சில நாட்களிலேயே ஐபோன்களுக்கான திருத்தத்தை வெளியிட்டது. உலகெங்கும் ஐபோன் வைத்திருந்தோர் அவருக்குக் கடன்பட்டுள்ளனர். அவருக்குக் கிடைத்ததோ 2017 மார்ச்சில் கைது, 2018 மே மாதத்தில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை.

சாதாரணக் குடும்பத்தை நேரடியாகத் தொட்டது 2019இன் 'டோட்டோக்' செயலி. அழைப்புகள் அடைபட்ட நாட்டில் இலவசமாக, தடையின்றி, காணொளியில் பேச முடிந்தால் யார்தான் மறுப்பார்? அது அமீரக அரசின் உளவுக் கருவி என்று அமெரிக்க அதிகாரிகள் கருதுவதாக 2019 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. கூகுளும் ஆப்பிளும் தம் கடைகளிலிருந்து அதை நீக்கின. செயலியை ஆராய்ந்த பாட்ரிக் வார்டில் கண்டது இன்னும் கவனிக்கத்தக்கது: அதில் திருட்டு வழி எதுவுமில்லை. முகவரிப் பட்டியலையும் இருப்பிடத்தையும் அது கேட்டது, பயனாளர்கள் தாமே மனமுவந்து கொடுத்தனர். பேசத் தவித்தவனுக்கு ஒரே ஒரு கதவைத் திறந்துவைத்தால் பூட்டை உடைக்கும் வேலை ஏது?

2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் ஆணைச் சட்டப்படி, ஒருவரை அவர் சம்மதமின்றிப் படமெடுத்து வெளியிடுவது அமீரகத்தில் குற்றம். நல்ல சட்டம்தான். அயலானிடமிருந்து அந்தரங்கத்தைக் காக்கும் அச்சட்டத்தில், அரசிடமிருந்து காக்கும் வலு இல்லை. குற்றம் புரியவோ அதை மறைக்கவோ இணைய முகவரியை மாற்றுவோருக்கு அதே சட்டத்தில் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. 'வி.பி.என். போட்டுப் பேசுங்கள் மாமா' என்று இலண்டனிலிருந்து எளிதாக அறிவுரை கூறும் மருமகன் இத்தொகையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். குடும்பக் குழுவில் ஆட்சியாளர்களைக் கேலி செய்து படம் பகிரும்போதும் அவ்வாறே. அனுப்புவது டொராண்டோவில், சோதனைக்குள்ளாகும் கைப்பேசி அபுதாபியில்.

மறுபுறமும் உண்டு. டோட்டோக்கில் 'அனுமதி' என்பதை அழுத்திய ஒவ்வொருவரின் முகவரிப் பட்டியலிலும் யாழ்ப்பாணத்து அக்காவின் எண்ணும், திருச்சியில் படிக்கும் தங்கையின் எண்ணும், கனடாவில் அரசியல் பணியாற்றும் நண்பரின் எண்ணும் இருந்திருக்கும். அவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை.