தலைவர்கள் கூடுகிறார்கள்! யாசிக்கவா? பாத்தியதை கேட்கவா?

மேயர்களும், நகரசபைச் சேர்மன்களும், பேரூராட்சித் தலைவர்களும், பஞ்சாயத்துத் தலைவர்களும் மண்டலம் மண்டலமாகக் கூடி, ஸ்தல ஸ்தாபனங்களின் வரும்படியைப் பற்றியும், குடிதண்ணீர், சாக்கடை, விளக்கு, ரோடு முதலிய வசதிகளைப் பற்றியும் பேசுவதென்பது நமது நாட்டில் ஒரு வழக்கமாய்விட்டது. கூடட்டும், இன்னும் அடிக்கடி கூடட்டும். ஒரு நகரசபை தனியே நின்று கேட்டால் காதில் விழாத சங்கதி, முப்பது நகரசபைகள் சேர்ந்து கேட்டால் விழும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் கூடுகிறவர்கள் கூடி என்ன செய்கிறார்கள் என்பதுதான் நமது கேள்வி.

முதலில் மந்திரி வருகிறார். உடனே மாலை, பொன்னாடை, அதற்கு மேல் இன்னொரு பொன்னாடை. பிறகு வரவேற்புரை, வாழ்த்துரை, புகழுரை. சாப்பாட்டு மணி நெருங்கும் சமயத்தில் ஒரு சேர்மன் எழுந்து, "ஐயா அவர்கள் பெரிய மனது பண்ணி எங்கள் ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி தயவு செய்ய வேண்டும்" என்று கைகட்டிக் கேட்கிறார். "கவனிக்கப்படும்" என்கிறார் மந்திரி. கைதட்டல் பறக்கிறது. கூட்டம் கலைகிறது. சேர்மன் ஊர் திரும்பினால் சாக்கடை போன இடத்தில் அப்படியே நிற்கிறது. குழாயடியில் குடங்களும் அப்படியே நிற்கின்றன.

ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஒருவர், தம் ஊராருடைய பணத்தை, தம் ஊராருடைய வசதிக்காகக் கேட்பதற்குக் "கைகட்டி, பெரிய மனது பண்ணி" என்று பேச வேண்டுமானால், இதைவிட மானக்கேடான காரியம் வேறென்ன இருக்க முடியும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

யார் பணம்?

பணம் சர்க்காருடையது என்று நினைப்பதில்தான் எல்லாப் புரட்டும் ஆரம்பமாகிறது. சர்க்காருக்கு என்று தனியாக ஏதாவது நிலம் விளைகிறதா? ஒரு கூலிக்காரன் சோப்பு வாங்கினாலும், ஒரு தாய் குழந்தைக்கு மருந்து வாங்கினாலும் வரி போகிறது. அந்த வரி ஊரில் பிறந்து, சென்னைக்கும் டில்லிக்கும் போய், திரும்பி வரும்போது "மானியம்" என்று பெயர் மாறி வருகிறது. வீட்டுக்காரனுடைய நெல்லையே எடுத்துப்போய், அதில் ஒரு படியை அவனுக்கே அளந்து கொடுத்துத் "தர்மம்" என்று சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

சட்டமாவது இதைப் பிச்சை என்கிறதா என்றால், அதுவுமில்லை. 1993ல் அமுலுக்கு வந்த 73வது, 74வது அரசியல் சட்டத் திருத்தங்கள் ஐந்தாண்டுக்கொரு முறை மாநில நிதிக் கமிஷன் ஒன்று அமைக்க வேண்டும் என்றும், மாநில வரிகளில் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு எவ்வளவு பங்கு என்பதை அது சொல்ல வேண்டும் என்றும் விதித்திருக்கின்றன. டில்லியிலுள்ள நிதிக் கமிஷனும் ஸ்தல ஸ்தாபனங்களைக் கவனிக்க வேண்டும் என்று 280வது ஷரத்திலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. பங்கு என்றால் பாத்தியதை. அண்ணனிடம் பங்கு கேட்கிற தம்பி மாலை போட்டுக் கொண்டா கேட்கிறான்?

அந்தப் பங்குதான் எவ்வளவு? தமிழ்நாட்டு சர்க்காரின் சொந்த வரி வருமானத்தில் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நூற்றுக்கு 10 என்பதே நிதிக் கமிஷன்கள் வகுத்த கணக்கு. ரிசர்வ் பாங்கு 2022ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்திய நகரசபைகளின் வரவு செலவெல்லாம் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 1 பங்கு அளவிலேயே பல வருஷங்களாக நின்றுவிட்டது. பிரேசிலில் இது 7.4, தென்னாப்பிரிக்காவில் 6. அந்த நாடுகளும் குபேர நாடுகளல்ல. அங்கே சாக்கடையும் குழாயும் யாருடைய பொறுப்பு என்பதற்கும், பணம் யாரிடம் இருக்கிறது என்பதற்கும் ஏதோ ஒரு சம்பந்தமாவது இருக்கிறது. இங்கே பொறுப்பு கீழே, பணம் மேலே.

டில்லி கொடுப்பதும் கையைக் கட்டிக் கொடுப்பதுதான். 15வது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரைக்கும் இந்தியா முழுவதிலுமுள்ள ஸ்தல ஸ்தாபனங்களுக்கு 4,36,361 கோடி ரூபாய் சிபார்சு செய்தது. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் கிராமங்களுக்கும் சிறு நகரங்களுக்கும் உரிய முக்கிய மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு தண்ணீர், சுகாதாரம் என்று முன்கூட்டியே முடிச்சுப் போடப்பட்டது. தண்ணீரும் சுகாதாரமும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகும் ஊரில், கூரையா குழாயா முதலில் என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? டில்லியில் இருப்பவரா, ஒழுகும் கூரையின் கீழ் பிள்ளையை உட்கார வைத்தவரா? 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நகரசபைகளுக்கிருந்த விளம்பர வரியும் அதற்குள் போய்விட்டது. எடுத்துக் கொள்ளும்போது ஒரே நாளில் எடுத்துக் கொண்டார்கள். ஈடு கொடுப்பதற்கு மட்டும் கமிஷன், பரிசீலனை, சிபார்சு!

ஓர் அணாவின் கதை

"ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரமும் பணமும் கொடுத்தால் என்ன செய்துவிடப் போகிறார்கள்?" என்று கேட்கிற மேதாவிகளுக்கு ஒரு சேதி சொல்லுகிறோம்.

1920 செப்டம்பரில் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னைக் கார்ப்பொரேஷன், ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தனது பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலில் சிற்றுண்டி கொடுப்பதென்று தீர்மானித்தது. செலவு பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படக்கூடாது என்பது ஏற்பாடு. பசி தீர்ந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு வேறு பள்ளிகளுக்கும் அது பரவிற்று. 1925ல் அன்றைய சர்க்கார், ஆரம்பக் கல்விப் பணத்திலிருந்து இதற்குச் செலவு செய்யக்கூடாது என்று தடுத்தது. திட்டம் தளர்ந்துவிட்டது.

இன்றைக்கு இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் பகலுணவு சாப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் கொடுக்கிறார்கள். இந்தப் புத்தி முதன்முதலில் உதித்த இடங்களிலொன்று ஒரு நகரசபை மண்டபம். பசித்த பிள்ளையை நேரில் பார்த்தவர்களுக்கு உதித்தது. அதை முடக்கியது மேலேயிருந்த கணக்குப் பேனா. இந்த ஓர் அணாவின் கதையை மண்டலக் கூட்டம் ஒவ்வொன்றிலும் முதல் பேச்சாகப் பேச வேண்டும்.

"தரலாம்" என்ற ஒரு சொல்

நிற்க, 12வது அட்டவணையில் நகரசபைகளுக்கு 18 காரியங்களும், 11வது அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கு 29 காரியங்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்தின் வாசகமோ மாநில சட்டசபை இவற்றைத் "தரலாம்" என்பதுதான். "தர வேண்டும்" என்பதல்ல. இந்த ஒரு சொல்லின் சந்தில் அதிகாரம் முழுவதும் ஒழுகிப் போய்விட்டது. ஊர்க் குடிதண்ணீர் ஒரு வாரியத்திடம்; நகர அமைப்பு ஒரு டைரக்டரிடம்; சபையின் நிர்வாகம் சர்க்கார் நியமிக்கும் கமிஷனரிடம். சேர்மனிடம் மிஞ்சியது நாற்காலியும், கல்வெட்டில் பெயரும்.

அந்த நாற்காலியும் நிலையில்லை. 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. கிராமங்களில் மறு தேர்தல் பெரும்பாலான ஜில்லாக்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகரங்களிலோ 2022 பிப்ரவரி 19ந் தேதி! ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளின் ராஜ்யம். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லையென்று டில்லியும் மானியத்தை நிறுத்தி வைத்தது. குற்றம் செய்தவர் ஒருவர். பட்டினி கிடந்தது ஊர். 2025 ஜனவரியில் 2019ல் வந்த கிராமப் பஞ்சாயத்துகளின் காலமும் முடிய, மறுபடியும் தனி அதிகாரிகளே வந்தார்கள். சட்டசபைத் தேர்தலை இப்படி ஐந்து வருஷம் தள்ளிப்போட்டால் நாடு சும்மாயிருக்குமா?

"கீழேயிருப்பவர்களுக்கு யோக்கியதை போதாது, திருடிவிடுவார்கள்" என்பது இவர்கள் சொல்லும் சமாதானம். வெள்ளைக்காரன் நம்மைப் பற்றிச் சொன்னதும் இதேதான். அந்த வெள்ளைக்காரரிலும் ரிப்பன் பிரபு ஒருவர், ஸ்தல சுயாட்சி ஜனங்களுக்கு அரசியல் பழக்கம் வருவதற்காக என்றே 1882ல் தீர்மானம் வெளியிட்டார். நீந்தத் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கலாமென்றால் எவன் நீந்துவான்? திருட்டு மேலே இல்லையா? மேலே திருடினால் ஊராருக்குத் தெரியாது. கீழே திருடினால் அடுத்த தெருக்காரனுக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நம் தலைவர்களின் குற்றம்

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் சேர்மன்களை மட்டும் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனால் நாம் பட்சபாதக்காரர்களாவோம். சாக்கடை வெட்டுவதற்குப் பூமி பூஜை எதற்கு? தேங்காய் உடைத்தால் சாக்கடை ஓடுமா, வாட்டம் சரியாயிருந்தால் ஓடுமா? எல்லா மதத்தாரும், மதமே இல்லாதவரும் கொடுத்த வரியில் நடக்கும் வேலைக்கு ஒருவருடைய சடங்கு மாத்திரம் எப்படி வந்தது? மந்திரம் சொன்னவருக்குத் தட்சணை உடனே கிடைக்கிறது. குழி வெட்டியவருக்குக் கூலி பாக்கி.

சொத்துவரியில் பெரிய கட்டிடத்துக்குச் சிறிய அளவும், சிறிய வீட்டுக்குச் சரியான அளவும் எழுதுகிற பழக்கம் உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு சேர்மனும் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். தன் ஊர்ப் பெரிய மனிதரிடம் வரி கேட்க நடுங்குகிறவர், மந்திரியிடம் பங்கு கேட்க எப்படி நிமிர்வார்? ஸ்திரீகளுக்குப் பாதி ஸ்தானம் என்று சட்டம் சொல்ல, தலைவி வீட்டிலிருக்கத் தலைவியின் புருஷர் மகாநாட்டு மேடையில் உட்காருவதும் இந்த வெட்கத்தில் சேர்ந்ததே.

எல்லாவற்றிலும் பெரிய வெட்கம், ஊர் மலத்தை யார் எடுக்கிறார் என்பது. மலத்தை மனிதன் கையால் எடுக்கக்கூடாதென்று 1993லும், பாதுகாப்பில்லாமல் மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கக்கூடாதென்று 2013லும் சட்டம் வந்தது. இறந்தால் 30 லட்ச ரூபாய் ஈடு கொடுக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2023ல் சொல்லிற்று. இருந்தும் சாவு நிற்கவில்லை. தமிழ்நாடு அந்தக் கணக்கில் முன்வரிசையில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் சென்னையில், அந்த ரிப்பன் பிரபுவின் பெயர் தாங்கிய கட்டிடத்தின் முன்னால், இரண்டு மண்டலங்களின் துப்புரவு வேலை கண்ட்ராக்டுக்குப் போவதை எதிர்த்துத் தொழிலாளர்கள் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் போலீசாரால் அப்புறப்படுத்தப்பட்டார்கள். "நிதியில்லை" என்ற சொல் முதலில் யார் வயிற்றில் விழுகிறது என்று பார்த்தீர்களா? மேளத்துக்கும் பந்தலுக்கும் நிதியில்லையென்று எந்தச் சபையாவது சொன்னதுண்டா?

நாற்காலியே இல்லாதவர்கள்

இன்னொன்று. மேலவளவில் தனித்தொகுதிப் பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்த முருகேசன், அந்தப் பதவியில் உட்கார்ந்த குற்றத்துக்காகவே 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊர்களில் தாழ்த்தப்பட்டவர் தலைவராகக்கூடாதென்று 2006 வரைக்கும் தேர்தலையே ஒழுங்காக நடக்கவிடவில்லை. 2020ல் கடலூர் ஜில்லா தெற்குத் திட்டையில் ஒரு தாழ்த்தப்பட்ட பெண் தலைவர், மற்றவர்கள் நாற்காலியிலிருக்கத் தரையில் உட்கார வைக்கப்பட்டார். தலைவருக்கே நாற்காலியில்லாத ஊருக்கு எத்தனை கோடி வந்தென்ன? அந்தக் குழாய் எந்தத் தெருவோடு நின்றுவிடும் என்பது நமக்குத் தெரியாதா?

ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு லைசென்ஸ் கிடையாதென்று உத்தரவு போட்டார். அதற்கு எந்த மானியமும் வேண்டியிருக்கவில்லை, முதுகெலும்புதான் வேண்டியிருந்தது.

ஆகவே அடுத்த மண்டலக் கூட்டத்துக்குப் போகும் தலைவர்கள் செய்ய வேண்டியதாக நாம் சொல்லுவது:

1. மாலை, பொன்னாடை, பூஜை எதுவும் கூடாது.

2. ஒவ்வொரு சபையும் கடைசி மூன்று வருஷத்தில் தனக்கு வர வேண்டிய பங்கு எவ்வளவு, வந்தது எவ்வளவு என்ற கணக்கை அச்சடித்துக் கொண்டுவர வேண்டும்.

3. பங்கைக் குறிப்பிட்ட தேதியில் தானாகச் சேரும்படி செய்யவும், "தரலாம்" என்பதைத் "தர வேண்டும்" என்று மாற்றவும் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட வேண்டும்.

4. தேர்தலை ஒரு நாளும் தள்ளிவைக்கக் கூடாதென்று எல்லாக் கட்சித் தலைவர்களும் கையெழுத்திட வேண்டும்.

5. துப்புரவுத் தொழிலாளியின் சம்பளமும், சாக்கடைக்கு யந்திரமும் வரவு செலவுத் திட்டத்தின் முதல் செலவாக இருக்க வேண்டும்.

6. ஊர் திரும்பியதும் கிராமசபையிலும் பகுதிசபையிலும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இதைத் தலைவர்கள் தாமாகச் செய்துவிடுவார்கள் என்று நாம் நம்பவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் கேட்க வேண்டும். உங்கள் சேர்மன் மகாநாட்டிலிருந்து திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் மாலையோடு நிற்காதீர்கள். "கணக்கு எங்கே?" என்று கேட்டுக்கொண்டு நில்லுங்கள்.