பணம் உண்டு, மார்ச் 31 வரை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏப்ரல் 1 அன்று இரண்டு கணக்குகள் தொடங்குகின்றன. ஒன்று அரசின் நிதியாண்டு. மற்றொன்று, சட்டப்படி அக்டோபர் 31 வரை நீளும் காட்டுத்தீப் பருவம். தீயை எதிர்கொள்ளப் போகும் கிராமத்து இளைஞர்களுக்கு அதற்கு முன்பே பயிற்சி முடிந்திருக்க வேண்டும். பழைய ஆண்டின் பணம் காலாவதியாகிக்கொண்டிருக்க, புதிய ஆண்டின் பணத்துக்கு இன்னும் கையெழுத்தாகாத நேரம் அது. வடக்குக் காடுகளை அங்கு வாழும் பூர்வகுடிகளைக் கொண்டே பேணலாம் என்று எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. அந்தப் பேச்சு செயலாகாமல் இடறுவது இந்த நாள்காட்டியில்தான்.

2023-இல் கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம். அந்த ஆகஸ்டில் யெல்லோநைஃப் நகரின் சுமார் 20,000 பேரும் ஊரைக் காலி செய்ய நேர்ந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் மட்டும் அந்த ஆண்டு தீயணைப்புக்கு 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. ஆனால், நிலத்தையும் நீரையும் கண்காணிக்கப் பூர்வகுடிக் காவலர்களை அமர்த்தும் திட்டத்துக்குக் கூட்டாட்சி அரசின் 2017 நிதிநிலை அறிக்கை நாடு முழுமைக்கும் ஐந்தாண்டுகளுக்கென ஒதுக்கியது 2.5 கோடி டாலர். பிறகு தொகை கூடியது உண்மைதான். கூடிய பிறகும் அது திட்டப் பணம்தான். கெடு முடிந்தால் விண்ணப்பம் எழுதி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

எதைக் கற்பிக்கிறோம் என்பதையும் இந்தக் கெடுதான் தீர்மானிக்கிறது. ஒன்டாரியோவின் அடிப்படைத் தீயணைப்புப் பயிற்சிக்கு ஐந்து நாள் போதும்: பம்பு, குழாய், கைக்கருவிகள், ஹெலிகாப்டர் அருகே நடந்துகொள்ளும் முறை. தேவையான பாடம், சந்தேகமில்லை. ஆனால் வடக்கு ஆல்பர்ட்டாவின் கிரீ, டெனே மக்களிடம் ஹென்றி லூயிஸ் என்ற மானிடவியலாளர் 1970-களில் பதிவு செய்த அறிவு வேறு வகை. வசந்தத்தின் தொடக்கத்தில், திறந்த புல்வெளியில் பனி உருகி சருகு காய்ந்திருக்கும். அதைச் சுற்றிய மர நிழலில் பனி இன்னும் கிடக்கும். அந்தச் சில நாட்களில் புல்வெளிக்குத் தீ வைப்பார்கள். தீ பனியின் ஓரம் வரை போய்த் தானே அவியும். புதுப் புல் துளிர்க்கும், மூஸ் மான்கள் வரும். கோடையில் பெருந்தீக்கு இரையாகக்கூடிய சருகும் குறையும். எந்த நாள், எந்தக் காற்று என்பது மூத்தவர் ஒருவருடன் பல வசந்தங்கள் நடந்தால்தான் பிடிபடும். நிதித் திட்டங்களிலோ பயிற்றுநர் சம்பளம் பெரும்பாலும் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு. மூத்தவருக்கு ஒரு மரியாதைத் தொகை. புல்வெளிக்குத் தீ வைக்கும் வழக்கத்தைத் தீயணைப்பு அதிகாரிகளே பல தலைமுறை குற்றமாக நடத்தியதை நினைத்தால், மரியாதை என்ற சொல் கொஞ்சம் உறுத்துகிறது.

கியூபெக்கின் வாஸ்வானிபி கிரீ மக்கள் காடு பேணும் வழிகளைச் சோதிக்கும் கூட்டாட்சி அரசின் மாதிரிக் காடு திட்டத்தில் 1997-இல் சேர்ந்தார்கள். பூர்வகுடிகள் தலைமையேற்ற ஒரே மாதிரிக் காடு அதுதான். தங்கள் குடும்பங்களின் வேட்டைப் பரப்புகளில் எவை முக்கியம் என்பதை அங்கே வரைபடமாக்கினார்கள். 2002-இல் கிரீ மக்களும் கியூபெக் அரசும் செய்த ஒப்பந்தம், ஒவ்வொரு வேட்டைப் பரப்பிலும் சுமார் 1 சதவீதத்தைச் சிறப்பிடமாகவும், உற்பத்திக் காட்டில் 25 சதவீதத்தை வனவிலங்குக்கான பகுதியாகவும் வகுத்தது. அந்த ஒரு சதவீதம் எது என்று காட்ட மூத்தவர் வேண்டும். அதை மரவெட்டு நிறுவனத்தின் வரைபடத்தில் ஏற்றி வாதாட இளையவர் வேண்டும். பயிற்சிக்கு இதைவிடத் தெளிவான வேலை அமையாது. ஆனால் மாதிரிக் காடு திட்டம் 2007-இல் முடிந்துவிட்டது. உரிமை நிலைத்தது, அதைப் பயன்படுத்தக் கற்றுத்தரும் பணம் நிலைக்கவில்லை.

பயிற்சி பெற்றவர்கள் சுரங்கங்களுக்கோ தெற்கு நகரங்களுக்கோ போய்விடுகிறார்களே என்பார்கள். ஊரில் வேலையில்லாமல் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒன்டாரியோவின் பிகாஞ்சிகம் மக்கள் 12 லட்சம் ஹெக்டேர் வைட்ஃபெதர் காட்டுக்கான நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை 2006-இலேயே முடித்தவர்கள். அவர்கள் ஊர் மாகாண மின்கட்டமைப்பில் இணைந்தது 2018 டிசம்பரில். அதுவரை டீசல் ஜெனரேட்டர். ஒரு மரப்பட்டறையைக்கூட நம்பி இயக்க முடியாத ஊரில் நடத்திய பயிற்சிக்குத் தோல்விப் பட்டம் கொடுப்பது நியாயமில்லை.

தணிக்கையாளர் ஆண்டுக் கணக்கு கேட்பதில் தவறில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கணக்குக் கொடுப்பது வேறு, ஆண்டுக்கு ஒருமுறை வாழ்வா சாவா என்றிருப்பது வேறு. வழி ஒன்றை ஒன்டாரியோவே 2018-இல் திறந்தது: வெட்டும் மரத்துக்கு அரசு வாங்கும் தொகையில் 45 சதவீதத்தைச் சில பூர்வகுடிக் கூட்டமைப்புகளுடன் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தங்கள். காட்டிலிருந்தே வரும் இந்த வருமானம் பயிற்சிக்கு ஓரளவு நிலையான ஊற்றாகலாம். ஓரளவு என்பதற்குக் காரணம், அமெரிக்கா மென்மரத்துக்குத் தீர்வையை உயர்த்தினால் வெட்டு குறையும், பங்கும் சுருங்கும். அதனால் ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு அரசு உத்தரவாதம் தர வேண்டும். வணிக வெட்டே எட்டாத தொலைவடக்கில் பகிர எதுவும் இல்லை. அந்த ஊர்களின் பயிற்சிச் செலவைத் தீயணைப்புக் கணக்கிலேயே நிரந்தர இனமாகச் சேர்க்கலாம். ஒப்புதல் கடிதம் ஜனவரியில் போய்ச் சேர்ந்தால், குளிர்காலத்தில் மட்டும் இருக்கும் பனிச்சாலை உருகும் முன் பம்புகளையும் எரிபொருளையும் லாரியிலேயே கொண்டுபோய்விடலாம். பிறகு விமானத்தில் ஏற்றும் செலவு மிச்சமாகும்.