சார்லஸ் ஃபெயில் ஆகலை

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த மேட்டர் இது. இன்னிக்கு எழுதி முடிச்சிடறதுன்னு உட்கார்ந்துட்டேன்.

ஆக்டோபஸ் அறிவாளின்னு பேச்செடுத்தா நம்ம ஆளுங்க உடனே இழுக்கிறது பாலைத்தான். அதாங்க, 2010 உலகக்கோப்பை கால்பந்துக்கு ஜெர்மனியில ஓபர்ஹாவுசன் மீன் காட்சியகத்துல இருந்துகிட்டு ஜோசியம் சொன்னவர். ரெண்டு பெட்டி, ஒவ்வொண்ணுலயும் ஒரு நாட்டுக் கொடி, உள்ளே தீனி. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடறாரோ அந்த நாடு ஜெயிக்கும். எட்டுக்கு எட்டு சரி. ஜெர்மனி ஸ்பெயின்கிட்ட தோற்கும்னு சொல்லி, அது அப்படியே நடந்ததும், அவரைப் பொரிச்சுத் தின்னணும்னு அவங்க ஊர்லயே கிளம்பிட்டாங்க.

எட்டு தடவை காசு சுண்டினா எட்டும் சரியா வர 256-ல் ஒரு வாய்ப்பு இருக்கு. அவ்வளவுதான் விஷயம். அதே உலகக்கோப்பையில சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல மணின்னு நம்ம ஜோசியக்கிளி ஒண்ணு காலிறுதி நாலையும் சரியா எடுத்துக் கொடுத்துச்சு. இறுதிப்போட்டிக்கு நெதர்லாந்து சீட்டை எடுத்து மார்க்கெட் போயிடுச்சு, பாவம் :-) மணியை மேதைன்னு யாரும் சொல்லலை. பாலை மட்டும் சொன்னோம். அறிவே இல்லாத காரியத்துக்கு அறிவாளிப் பட்டம் கொடுத்துட்டு, நிஜமாவே அறிவைக் காட்டின ஒருத்தருக்கு ஃபெயில் மார்க் போட்டோம். என் கோபம் அதுதான்.

அந்த ஒருத்தர் பேர் சார்லஸ்.

பீட்டர் டியூஸ்னு ஹார்வர்டு விஞ்ஞானி ஒருத்தர், இத்தாலியில நேப்பிள்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்துல மூணு ஆக்டோபஸ்களை வச்சு ஒரு சோதனை பண்ணினார். 1959-ல் அதைப் பத்திக் கட்டுரை வந்தது. ஆல்பர்ட், பெர்ட்ராம், சார்லஸ். தொட்டியில ஒரு நெம்புகோல். இழுத்தா விளக்கு எரியும், ஒரு துண்டு மத்தி மீன் கிடைக்கும். எலியையும் புறாவையும் வச்சுப் பண்ற அதே வகை சோதனைதான். ஆல்பர்ட்டும் பெர்ட்ராமும் சமத்துப் பிள்ளைங்க. இழுத்தாங்க, தின்னாங்க, கிராஃப் அழகா வந்தது.

சார்லஸும் இழுக்கக் கத்துக்கிட்டான். ஆனா அதோட நிறுத்தலை. சில கைகளால தொட்டிச் சுவரைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு, மத்த கைகளால நெம்புகோலைச் சுத்தி ஒரே இழு. திரும்பத் திரும்ப வளைஞ்சு, பதினோராவது நாள் உடைஞ்சே போச்சு. நடுவுல தண்ணிக்கு மேல தொங்கின விளக்கை உள்ளே இழுக்கப் பார்த்தான். தொட்டிப் பக்கம் வந்தவங்க மேல தண்ணியைப் பீய்ச்சி அடிச்சான். அவனைப் பொறுத்தவரை சோதனை அத்தோட முடிஞ்சது. டியூஸ் நேர்மையான மனுஷன், இதையெல்லாம் மறைக்காம கட்டுரையிலயே எழுதி வச்சிருக்கார்.

டெஸ்டிங்ல கொஞ்ச நாள் குப்பை கொட்டினவங்களுக்குத் தெரியும். கொடுத்த டெஸ்ட் கேஸை வரிசையா ஓட்டி டிக் போடறவன் ஒரு ரகம். 'இந்த பட்டனை நாப்பது தடவை அழுத்தினா என்ன ஆகும், ஒயரைப் பிடுங்கினா என்ன ஆகும்'னு பார்க்கிறவன் இன்னொரு ரகம். ரிலீஸுக்கு முன்னாடி மேனேஜர் ரெண்டாமவனைத் திட்டுவார். ஆனா நிஜமான பக் எல்லாம் அவன்கிட்டதான் சிக்கும். சார்லஸ் ரெண்டாவது ரகம். டியூஸ் கேட்ட கேள்வி, 'நீ நெம்புகோலை இழுக்கக் கத்துக்குவியா?' சார்லஸ் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தது அந்த மொத்த செட்டப்பையும்.

சார்லஸ் ஒரு தனி கேஸ்னு ஒதுக்கவும் முடியாது. 2008-ல் ஜெர்மனியின் கோபர்க் நகரத்துல ஓட்டோன்னு ஒரு ஆக்டோபஸ். காட்சியகத்துல ராத்திரியானா கரண்ட் போகுது, காரணம் புரியலை. ஊழியர்கள் ராத்திரி தரையில படுத்துக் காவல் காத்துக் கண்டுபிடிச்சாங்க. ஐயா தொட்டி விளிம்புல ஏறி, மேலே இருந்த விளக்கைக் குறிபார்த்துத் தண்ணி அடிச்சு ஷார்ட் சர்க்யூட் பண்ணிக்கிட்டிருந்தார். நியூசிலாந்துல ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வகத்துல இருந்த ஒண்ணுக்கு அங்கே வேலை பார்த்த ஒரே ஒருத்தரை மட்டும் பிடிக்காது. அவங்க தொட்டியைத் தாண்டி நடந்தா பின்கழுத்துல ஒரு ஜெட் தண்ணி. ஏன் அவங்களை மட்டும்? யாருக்கும் தெரியாது. (எல்லா ஆபீஸ்லயும் இப்படி ஒரு பகை ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.)

ஆளை அடையாளம் தெரியுமான்னு முறைப்படியும் பார்த்துட்டாங்க. சியாட்டில் காட்சியகத்துல எட்டு ஆக்டோபஸ், ஒரே மாதிரி சீருடையில ரெண்டு பேர். ஒருத்தர் தினமும் சாப்பாடு போடுவார், இன்னொருத்தர் சொரசொரப்பான குச்சியால தொட்டுத் தொந்தரவு பண்ணுவார். ரெண்டே வாரம். சாப்பாட்டுக்காரரைப் பார்த்தா பக்கத்துல வருதுங்க, குச்சிக்காரரைப் பார்த்தா விலகிப் போகுதுங்க. 2010-ல் வெளியான ஆய்வு இது. பால் ஜோசியம் சொன்ன அதே வருஷம். எது பேப்பர்ல முதல் பக்கத்துல வந்ததுன்னு நான் சொல்லத் தேவையில்லை.

இது எப்படி சாத்தியம்னு படிக்கப் போனா தலை சுத்துது. சாதாரண ஆக்டோபஸுக்கு சுமார் 50 கோடி நியூரான்கள். அதுல மூணுல ரெண்டு பங்கு கைகளுக்குள்ளே. நம்ம மாதிரி ஒரே சர்வர்ல எல்லாம் ஓடறது இல்லை. எட்டுக் கையும் ஓரளவுக்குத் தானே முடிவு எடுக்கும், நடுவுல இருக்கிற மூளை மொத்தமா மேய்க்கும். ஒவ்வொரு உறிஞ்சியும் தொடும்போதே ருசியும் பார்க்கும். மூணு இதயம், நீல ரத்தம். நமக்கும் அதுக்கும் பொதுவான மூதாதை 50 கோடி வருஷத்துக்கும் முன்னாடி இருந்த ஏதோ புழு மாதிரி ஒரு ஜந்து. குரங்கோட அறிவும் நாயோட அறிவும் நம்ம கோட்பேஸ்லேர்ந்து பிரிஞ்ச கிளைன்னு வச்சுக்கலாம். ஆக்டோபஸ் அப்படி இல்லை. வேற யாரோ, வேற மெஷின்ல, முதல் வரியிலிருந்து எழுதின ப்ரோக்ராம். அதுவும் ஓடுது!

இந்த இடத்துல ஒரு சின்ன முரண்பாடு எனக்கு. 'மை ஆக்டோபஸ் டீச்சர்' பார்த்துட்டு அழுதவங்க நிறைய பேர். 2020-ல் வந்த படம், 2021-ல் ஆஸ்கர். தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் பக்கம் கடல்பாசிக் காட்டுக்குள்ளே கிரெய்க் ஃபாஸ்டர் ஒரு பெண் ஆக்டோபஸைக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தினமும் போய்ப் பார்க்கிறார். அது கை நீட்டித் தொடுது, மார்புல ஒட்டிக்குது. சுறா துரத்தும்போது அந்தச் சுறா முதுகுமேலேயே ஏறி உட்கார்ந்துக்குது பாருங்க, அந்தக் காட்சிக்காக மட்டும் நான் நாலு தடவை பார்த்தேன். ஆனா படம் முழுக்க அது அவரை நேசிச்சுதுங்கிற மாதிரியே போகுது. அது நீட்டின கை ருசி பார்க்கிற கைன்னு மேலே சொன்னேன். 'நீ யாரு'ன்னு கேட்டிருக்கலாம், 'நீ சாப்பாடா'ன்னும் கேட்டிருக்கலாம். நம்மைப் பிடிச்சாத்தான் அதுக்கு மதிப்புன்னு நினைக்கிறது, கொடியுள்ள பெட்டியைத் திறந்தாத்தான் அறிவுன்னு நினைக்கிறதுக்கு சொந்தக்காரத் தம்பி. ஒடாகோவுல ஒருத்தர் கழுத்துல தண்ணி அடிச்ச கேஸ் எனக்கு இதைவிடப் பெரிசாத் தோணுது. பிடிக்கலைன்னு சொல்லத் தெரிஞ்ச ஒண்ணு அங்கே இருக்கு.

இதெல்லாம் சும்மா சுவாரசியத்துக்காக எழுதலை. ஆக்டோபஸைக் கோழி மாதிரி பண்ணையில வளர்க்கலாம்னு கிளம்பியிருக்காங்க. ஸ்பெயினின் நியூவா பெஸ்கனோவா கம்பெனி, கனேரித் தீவுகள்ல லாஸ் பால்மாஸ் துறைமுகத்துல போட்ட திட்டத்தோட ஆவணங்கள் 2023-ல் பிபிசி மூலமா வெளியே வந்தது. வருஷத்துக்கு 3,000 டன், அதாவது சுமார் 10 லட்சம் ஆக்டோபஸ். தனியா வாழற பிராணி, கூட்டத்துல போட்டா ஒண்ணை ஒண்ணு தின்னும். அதைப் பல உயிர்களோட ஒரே தொட்டியில வைக்கணும். கொல்றதுக்கு மைனஸ் 3 டிகிரி குளிர்நீர்.

'கடல்ல பிடிக்கிறது குறையும்ல?'ங்கிறது அவங்க வாதம். அது சுத்த மாமிசப் பட்சிணிங்க. ஒரு கிலோ வளர சுமார் மூணு கிலோ தீனி வேணும். அந்தத் தீனி எங்கேர்ந்து வரும்? 'எப்படியும் ஒண்ணு ரெண்டு வருஷத்துல சாகப்போற ஜென்மம்தானே'ன்னு என் ரூம்மேட் கேட்டான். முட்டை பொரிஞ்சதும் தாய் செத்துப்போகும், வாஸ்தவம்தான். இருக்கிறதே ஒண்ணு ரெண்டு வருஷம்னா, அதை ஒரு காலித் தொட்டியில கழிக்க வைக்கிறது இன்னும் மோசமில்லையா? வலி தெரியுமாங்கிற கேள்விக்கும் 2021-ல் ராபின் க்ரூக்னு ஒரு விஞ்ஞானி பதில் சொல்லிட்டார். அமில ஊசி போட்ட அறைப் பக்கம் ஆக்டோபஸ் திரும்பப் போகலை. மரத்துப்போற மருந்து கொடுத்த அறையைத் தேடிப் போச்சு. பிரிட்டன் 2022 சட்டத்துல ஆக்டோபஸையும் உணர்வுள்ள உயிர்னு சேர்த்துட்டாங்க. 2024-ல் அமெரிக்காவுல வாஷிங்டனும் கலிஃபோர்னியாவும் இந்தப் பண்ணைக்குத் தடை போட்டாங்க. இன்னும் ஒரு பண்ணைகூட வராத மாநிலங்கள். நான் பார்த்தவரைக்கும் பிரச்னை வர்றதுக்கு முன்னாடியே சட்டம் வந்த அதிசயம் இது.

நியூசிலாந்து நேப்பியர் காட்சியகத்துல ஒரே தொட்டியில ரெண்டு ஆக்டோபஸ் இருந்தது, இங்கி, பிளாச்சி. 2016-ல் ஒருநாள் ராத்திரி மூடி லேசாத் திறந்திருந்தது. இங்கி வெளியே வந்து, தரையில ஊர்ந்து, 50 மீட்டர் வடிகால் குழாய்க்குள்ளே புகுந்து கடலுக்குப் போயிடுச்சு. அதே மூடிதான், அதே இடைவெளிதான், பிளாச்சி போகலை. இப்படி ஆளுக்கொரு புத்தி இருக்கிற 10 லட்சத்தை டன் கணக்குல எழுதறதுதான் எனக்கு ஒப்பலை.

'அப்ப நீ மீனே சாப்பிட மாட்டியா?'ன்னு கேட்கப் போறவங்களுக்கு: சாப்பிடுவேன். நல்லாவே சாப்பிடுவேன். கடல்ல சுதந்திரமா இருந்து வலையில மாட்டறதும், பிறந்ததிலிருந்து தொட்டியில கிடக்கறதும் எனக்கு ஒண்ணு இல்லை. நம்ம கடற்கரையில ஆக்டோபஸுக்குப் பேய்க்கணவாய்னு பேர். கணவாய்க்குப் பங்காளி. அப்ப கணவாய் வறுவலை என்ன பண்றதுன்னு யாராவது மடக்கினா... அது தனி வம்பு, அடுத்த பதிவுல பார்ப்போம்.